உதவி பெறுபவரும் குடியிருப்பவரும்: வாடிப்பட்டிச் சமவெளியில் முதியோர் வாழிடத்தின் வரலாறு (1962–2024)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் முதியோர் நலன் 1962 முதல் உதவித்தொகை, சத்துணவு, சட்டப் பாதுகாப்பு, இல்லம் எனப் பல வழிகளில் வளர்ந்துவந்துள்ளது. அதே காலத்தில் அரசின் வீட்டுவசதித் திட்டங்களும் ஊர்தோறும் பரவின. இவ்விரு வரலாறுகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று சந்திக்காமலே நடந்துள்ளன. மதுரை மாவட்டம் வாடிப்பட்டியையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் களமாகக் கொண்டு அந்த இடைவெளியை இக்கட்டுரை ஆராய்கிறது. முதியவர் அரசின் கணக்கில் உதவி பெறுபவராக இடம்பெற்ற அளவுக்கு, வீடும் தெருவும் வகுக்கப்படும்போது குடியிருப்பவராக எண்ணப்படவில்லை என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: முதியோர் வாழிடம், திண்ணை, மந்தை, முதியோர் உதவித்தொகை, தொகுப்பு வீடு, வாடிப்பட்டி.

முன்னுரை

வாடிப்பட்டி, மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், சிறுமலையின் அடிவாரச் சமவெளியில் அமைந்த பேரூராட்சி. வட்டத் தலைமையிடமும் ஆகும். 1895இல் முல்லைப் பெரியாறு அணை பயன்பாட்டுக்கு வந்தபின், வைகையின் பேரணையிலிருந்து பிரியும் பெரியாறு முதன்மைக் கால்வாய் இச்சமவெளியை நெல் வயல்களின் நிலமாக மாற்றியது. சுற்றியுள்ள சிற்றூர்கள் நஞ்சை உழவையும் கூலி உழைப்பையும் நம்பி வளர்ந்தவை. அவ்வுழைப்பில் வாழ்நாளைக் கழித்தவர்களே இன்று இப்பகுதியின் முதியோர்.

அவர்தம் எண்ணிக்கை விரைந்து பெருகுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழக மக்களுள் 60 வயதைக் கடந்தவர் 10.4 விழுக்காட்டினர், அனைத்திந்திய அளவு 8.6 விழுக்காடு. 2021இல் தமிழகத்தின் பங்கு 13.6 விழுக்காடாகவும், 2031இல் 18.2 விழுக்காடாகவும் இருக்கும் என்று ஒன்றிய அரசின் மதிப்பீடு கூறுகிறது. பிறப்பு விகிதம் 1990களின் தொடக்கத்திலேயே பதிலீட்டு அளவுக்குக் குறைந்ததும் ஆயுள் நீண்டதும் இதற்குக் காரணங்கள். இவர்களுள் இல்லங்களில் வாழ்பவர் மிகச் சிலரே. நாட்டளவில் தனியே வாழும் முதியோர்கூட ஏறத்தாழ 6 விழுக்காட்டினர்தாம் என்று 2017–18இல் நடந்த நெடுங்கால முதுமை ஆய்வு காட்டுகிறது. எனவே முதியோர் குடியிருப்பு பற்றிய வினா, முதன்மையாக ஊரின் எல்லா வீடுகளையும் எல்லாத் தெருக்களையும் பற்றிய வினாவாகும்.

1. திண்ணை, மந்தை, சாவடி

மதுரை வட்டாரச் சிற்றூரில் முதியவருக்கென்று தனியறை இருந்ததில்லை. அவருக்குரிய இடம் வீட்டின் விளிம்பிலும் ஊரின் நடுவிலும் இருந்தது. வீட்டு முகப்பின் திண்ணை முதலாவது. தெருவைவிட உயர்ந்தும் வீட்டுத் தளத்தைவிடச் சற்றுத் தாழ்ந்தும் அமைந்த அந்த மேடையில், கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து, குந்தாமலும் பிறர் கைகொடுக்காமலும் எழ இயலும். அங்கிருந்து வீட்டையும் தெருவையும் ஒருசேரக் காண இயலும். திண்ணைப் பள்ளி என்னும் பெயர், இவ்விடம் கல்விக்கும் பயன்பட்டதைக் குறிக்கிறது. காவல், குழந்தை பார்த்தல், தானியம் புடைத்தல், வழிப்போக்கருக்கு விடைசொல்லுதல் ஆகிய பணிகளைத் திண்ணையிலிருந்தபடியே முதியவர் செய்தார். அவர் தெருவுக்குப் பயன்பட்டார். தெருவும் அவரைக் கண்காணித்தது.

இரண்டாவது இடம் மந்தை. ஊர்ப் பொதுவெளியான மந்தையில் கோயில், மரத்தடி மேடை, சாவடி, நாடக மேடை ஆகியவை ஓரிடத்தில் கூடியிருக்கும். வெயிலில் மரத்தடியிலும் இரவில் சாவடியிலோ நாடக மேடையிலோ முதிய ஆண்கள் படுத்துறங்குவது இவ்வட்டார வழக்கம். ஓரறை வீட்டில் மகனும் மருமகளும் பேரக்குழந்தைகளும் உறங்க, வீட்டின் போதாமையை ஊரின் பொதுவிடம் ஈடுசெய்தது.

இவ்வமைப்பைப் பொற்காலமாகக் கொள்வதற்கு வரலாற்றில் சான்றில்லை. சாவடியும் மரத்தடி மேடையும் ஆண்களின் இடங்கள்; முதிய பெண்ணுக்கு அங்கே இடமில்லை. அவருக்கு அடுப்படியும் திண்ணையும் தண்ணீர்க் குழாயடியுமே எஞ்சின. சாதி இன்னொரு எல்லை. ஊர்ச் சாவடியில் அமரும் உரிமை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மறுக்கப்பட்டதும், அவர்தம் குடியிருப்புகள் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டதும் அறிந்த செய்திகள். ஆகவே முதுமைக்கு உகந்த பொதுவிடம் என்பது பழைய ஊரில் ஒரு பகுதியினருக்கு மட்டுமே வாய்த்தது.

2. ‘ஆதரவற்ற’ என்னும் சொல்

முதியவரைத் தமிழக அரசு தன் பொறுப்பாக முதன்முதலில் ஏற்றது 1962 ஏப்ரல் 1இல் தொடங்கிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தின் வழியாகும். காமராசர் முதலமைச்சராக இருந்த காலம் அது. தொடக்கத்தில் மாதம் 20 ரூபாய் வழங்கப்பட்டது. 1995இல் ஒன்றிய அரசின் தேசிய சமூக உதவித் திட்டம் இதனுடன் இணைந்தது. உதவித்தொகை 2011இல் 1000 ரூபாயாகவும் 2023இல் 1200 ரூபாயாகவும் உயர்ந்தது.

இத்திட்டம் முதியவரைக் குறித்த சொல் ‘ஆதரவற்றவர்’ என்பது. தாங்குவார் இல்லாமையே தகுதியாயிற்று. மகன் இருப்பவர் தாங்கப்படுபவர் என்னும் எடுகோள் இதனுள் அடங்கியிருந்தது. அவ்வாறு தாங்கும் வீடு எத்தகையது, அதில் முதியவர் எங்கே படுக்கிறார், எவ்வாறு கழிப்பிடம் செல்கிறார் என்னும் வினாக்கள் எழ இதில் வழியில்லை. தமிழக ஏழை முதியோரை ஆராய்ந்த மானிடவியலாளர் பென்னி வேரா-சான்சோ, அவர்கள் பிறரைச் சார்ந்தவர்களாகக் கருதப்பட்டபோதிலும், தம் உழைப்பாலும் வீட்டுப் பணியாலும் இளையோரின் சம்பாத்தியத்துக்குத் துணைநின்றதைச் சுட்டியுள்ளார். உதவி பெறுபவர் என்னும் ஒற்றை அடையாளம் அவ்வுழைப்பை மறைத்தது.

எனினும் இத்திட்டம் நடைமுறையில் வாழிடத்தோடு ஓர் உறவு கொண்டிருந்தது. பல பத்தாண்டுகள் உதவித்தொகை அஞ்சல் பணவிடையாக வந்தது. அஞ்சல்காரர் வீட்டு வாசலுக்கு வந்து, முதியவரைப் பெயர் சொல்லி அழைத்து, கைநாட்டுப் பெற்றுப் பணம் கொடுத்தார். 2010களில் வழங்கும் முறை வங்கிக் கணக்குக்கும் வங்கி முகவரின் கைக்கருவிக்கும் மாறியது. இடைத்தரகு குறைய இம்மாற்றம் உதவியது. ஆனால் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி பல வேளைகளில் ஏற்பதில்லை. அப்போது வங்கிக்கு நடக்க வேண்டியவர் முதியவரே. பணம் நகர்ந்த தொலைவு குறைந்தது; முதியவர் நகர வேண்டிய தொலைவு கூடியது.

சத்துணவுத் திட்டமும் இத்தகைய இரட்டைத் தன்மை உடையது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 சூலை 1இல் குழந்தைகளுக்காகத் தொடங்கிய இத்திட்டம், 1983இல் உதவித்தொகை பெறும் முதியோருக்கும் விரிவாக்கப்பட்டது. பள்ளியை ஒட்டிய ஒரே சமையற்கூடத்தில் ஊரின் சிறுவரும் முதியவரும் நண்பகலில் கூடும் ஏற்பாடு அது. மூத்தோரையும் இளையோரையும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும் என்று பிற்காலத்தில் உலக வழிகாட்டிகள் பரிந்துரைத்ததை இது முன்னரே செய்திருந்தது. முதிய பெண்கள் தயக்கமின்றி நாள்தோறும் செல்லக்கூடிய பொதுவிடமாகவும் அம்மையம் அமைந்தது. ஆயினும் பின்னர் வகுக்கப்பட்ட அரிசி விதி மையத்தில் உண்பவருக்கு மாதம் 2 கிலோவும், அங்கு உண்ணாதவருக்கு 4 கிலோவும் இலவசமாக வழங்கியது. உணவின் அளவைச் சமன்செய்யும் நோக்கில் இவ்விதி நேரியது. கூடி உண்பதை அது ஒரு பயனாகக் கணக்கிடவில்லை. வீட்டில் தனித்து உண்பதற்கும் மையத்தில் பிறரோடு உண்பதற்கும் உள்ள வேறுபாடு விதியில் அரிசியின் வேறுபாடாக மட்டுமே பதிவாயிற்று.

3. தொகுப்பு வீடுகளும் வயதும்

மக்கள் ‘தொகுப்பு வீடு’, ‘காலனி வீடு’ என்று வழங்கும் அரசு வீடுகள் இச்சமவெளியின் தோற்றத்தையே மாற்றியுள்ளன. 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் 20 சதுர மீட்டர் வீட்டை அளவாகக் கொண்டது. 2016இல் அதனிடத்தில் வந்த பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம் அதனை 25 சதுர மீட்டராக்கியது. தமிழக அரசின் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 2010இல் 21 லட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக மாற்ற முனைந்தது. 2011இல் வந்த பசுமை வீடு திட்டம் ஆண்டுக்கு 60,000 வீடுகளை, வீடொன்று 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய் என்னும் அளவில் கட்ட வகுக்கப்பட்டது. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம், 2030க்குள் 8 லட்சம் வீடுகளை, வீடொன்று 360 சதுர அடியில் கட்ட இலக்கு வைத்துள்ளது.

கூரை எரியாத, மழையில் ஒழுகாத வீடு முதியவருக்கு எத்துணைப் பெரிய பாதுகாப்பு என்பதைக் குறைத்து மதிப்பிட இயலாது. அதே வேளையில் இத்திட்டங்களின் அளவுகோல் குடும்பம் என்னும் வயதற்ற அலகு. பசுமை வீட்டின் வரைபடத்தில் கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, முகப்பு வராந்தா ஆகியவை இருந்தன. ஒரே படுக்கையறை என்பது இரண்டு தலைமுறை வாழும் வீட்டில் மூத்த தலைமுறைக்கு அறையில்லை என்பதற்கு ஒப்பாகும். பழைய திண்ணையின் எச்சமாகிய வராந்தாவே முதியவரின் படுக்கையிடமாகிறது. கம்பிக் கதவு போட்டு இருசக்கர வண்டியை அதில் நிறுத்தும்போது அதுவும் சுருங்குகிறது.

திண்ணையின் மறைவுக்குப் பிற காரணங்களும் உண்டு. பாகப்பிரிவினையில் மனை நீளவாக்கில் பிளவுண்டு முகப்பு குறுகியது. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துக்குப்பின் மாலைப் பொழுது வீட்டுக்குள் நகர்ந்தது. எல்லாவற்றினும் பெரிது தெருவின் மட்டம். பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன்மேல் மீண்டும் மீண்டும் தார் இட்டும், பின் சிமெண்ட் சாலையும் பேவர் பிளாக் கற்களும் பதித்தும் வந்ததால், தெரு உயர்ந்து பழைய திண்ணை தாழ்ந்தது. மழைநீர் உள்ளே வராதிருக்கப் புதிய வீடுகள் நான்கு, ஐந்து படி உயர்த்திக் கட்டப்பட்டன. கைப்பிடி இல்லாத அப்படிகளே இன்று முதியவரின் நடமாட்டத்துக்கு முதல் தடை.

கழிப்பறை இரண்டாவது தடை. 2014இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் வீடுதோறும் கழிப்பறை என்னும் இலக்கை முன்வைத்தது. இருளில் வெளியே செல்ல வேண்டிய நிலையிலிருந்து முதிய பெண்களை அது விடுவித்தது. ஆனால் கட்டப்பட்டவை பெரும்பாலும் குந்தி அமரும் வகையின. பல, வீட்டை விட்டுத் தனித்து நிற்பவை. வயல் வேலையில் முழங்கால் தேய்ந்தவருக்குக் கழிப்பறை இருந்தும் பயன்படாத நிலை இதனால் எழுகிறது. பிடித்து எழ ஒரு கம்பி, மேடையமைப்பு, உள்ளே ஒரு விளக்கு ஆகியவற்றின் செலவு முழுக் கட்டுமானச் செலவில் சிறு பகுதியே.

மதுரைச் சமவெளி திட்டமிட்ட சமூகக் குடியிருப்புக்குப் புதியதன்று. பெரியார் நினைவுச் சமத்துவபுரங்களுள் முதலாவது 1998இல் திருமங்கலத்தை அடுத்த மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கும், 25 பிற்படுத்தப்பட்டோருக்கும், 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும், 10 ஏனையோருக்கும் ஒதுக்கப்பட்டன. யார் அருகில் யார் வாழ்வது என்பதை அரசு வகுக்கலாம், வீட்டின் வரிசை சமூக உறவை மாற்றக்கூடும் என்னும் துணிவு அதன் அடிப்படை. வாழிட அமைப்பு அரசியற் பொருளாக இங்கு ஏற்கப்பட்டுவிட்டது என்பதற்கு இது சான்று. சாதியைக் கருதி வகுத்த அவ்வரைபடத்தில் வயது ஓர் அளவுகோலாகவில்லை.

4. சட்டமும் இல்லமும்

1999இன் தேசிய முதியோர் கொள்கை, ஏழை மக்களுக்கான வீட்டுவசதித் திட்டங்களில் 10 விழுக்காட்டை முதியோருக்கு ஒதுக்க வேண்டும் என்றது. குடியிருப்புகள் நடமாட்டத் தடையின்றி அமைய வேண்டும் என்றும் கூறியது. இரு வரலாறுகளும் ஏட்டளவில் சந்தித்த இடம் இது. ஆயினும் ஒதுக்கீடு என்பது எவருக்கு வீடு என்னும் வினாவுக்கு விடை. எத்தகைய வீடு என்னும் வினா அடுத்து வந்த திட்டங்களில் பின்தங்கியது.

2007இன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் சொல்லை மாற்றியது. ‘ஆதரவற்றவர்’ இப்போது ‘மூத்த குடிமகன்’ ஆனார்; உரிமை கோருபவரும் ஆனார். பராமரிப்பு என்பது உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை உள்ளடக்கும் என்று சட்டம் வரையறுத்தது. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை விதிக்கத் தீர்ப்பாயங்களுக்கு அதிகாரம் உண்டு. பராமரிப்பதாக நிபந்தனை ஏற்றுச் சொத்தைப் பெற்றவர் அதனை மீறினால், அச்சொத்து மாற்றத்தைச் செல்லாதது என அறிவிக்கவும் 23ஆம் பிரிவு வழிசெய்கிறது. வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு நகர்ந்தவருக்கு இப்பிரிவே கடைசிப் பிடிமானம்.

குடும்ப வீடு தானாகவே பாதுகாப்பானதன்று என்பதை 2010இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து வெளிவந்த ‘தலைக்கூத்தல்’ பற்றிய செய்திகள் உணர்த்தின. நோயுற்ற முதியவரை எண்ணெய்க் குளியலாட்டி இறக்கச்செய்யும் இவ்வழக்கம் மதுரையை அடுத்த தென்பகுதிகளிலும் பேசப்படுவது. படுக்கையில் விழுந்தவரைப் பேண இடமும் ஆளும் இல்லாத வீட்டில், பராமரிப்பின் சுமை எந்த எல்லைக்குச் செல்லக்கூடும் என்பதை இது காட்டுகிறது. குற்றத்தைக் குற்றமாகவே கருதும் அதே வேளையில், அவ்வீட்டின் அமைப்பையும் ஆராய வேண்டியுள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை மருத்துவத்தையும் வலிதணிப்புப் பராமரிப்பையும் வீட்டு வாசலுக்குக் கொணர்ந்ததன் பொருள் இங்கு விளங்கும்.

சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டந்தோறும் 150 வறிய முதியோரேனும் தங்கத்தக்க இல்லங்களை மாநில அரசு ‘அமைக்கலாம்’ என்கிறது. ‘அமைக்க வேண்டும்’ என்று கட்டளையிடவில்லை. நடைமுறையில் இல்லங்களைப் பெரிதும் தொண்டு நிறுவனங்களும் சமய அமைப்புகளும் நடத்துகின்றன. 2004 ஆழிப்பேரலைக்குப்பின் ஹெல்பேஜ் இந்தியா கடலூர் மாவட்டத்தில் அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமம், முதியோர் மட்டுமே வாழும் ஊர் என்னும் வடிவத்தை முன்வைத்தது. மாநில அரசோ முதியோரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் ஒரே வளாகத்தில் வைக்கும் ஒருங்கிணைந்த வளாகங்களுக்கு உதவியது. 1983இன் சத்துணவுக் கூடத்தில் இருந்த கருத்து இங்கே இல்ல வடிவம் பெற்றது. கோயம்புத்தூரை மையமாகக் கொண்டு வளர்ந்த கட்டண முதியோர் குடியிருப்புகளுக்கு ஒன்றிய அரசு 2019இல் மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. வழுக்காத தரை, கைப்பிடி, சக்கர நாற்காலி செல்லும் வாசல் ஆகியவை அத்தகைய குடியிருப்புகளுக்குரிய தகுதிகளாகிவிட்டன. விலை கொடுத்து வாங்குபவருக்கு இவை உறுதிப்பட, அரசு வீட்டில் முதுமையடைபவருக்கு அவ்வுறுதி இல்லை.

5. உலக வழிகாட்டியும் பேரூராட்சியும்

உலக சுகாதார நிறுவனம் 2007இல் முதியோர்க்கு உகந்த நகரங்கள் பற்றிய வழிகாட்டியை வெளியிட்டது. 22 நாடுகளின் 33 நகரங்களில் முதியோரிடம் கேட்டறிந்து உருவான அந்நூலின் ஆய்வில் இந்தியாவிலிருந்து தில்லியும் உதய்பூரும் பங்கேற்றன. பொதுவெளிகளும் கட்டடங்களும், போக்குவரத்து, வீடு, சமூகப் பங்கேற்பு, மதிப்பு, குடிமைப் பங்கேற்பும் வேலையும், செய்தித் தொடர்பு, சமூக – மருத்துவ உதவி என எட்டுத் துறைகளை அது வகுத்தது. அதே ஆண்டில் கனடா, ஊரகச் சமூகங்களுக்கென்று தனி வழிகாட்டியை உருவாக்கியது. நகரத்துக்கு வகுத்தது ஊருக்கு அப்படியே பொருந்தாது என்பதன் ஒப்புதல் இது.

வாடிப்பட்டி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பேரூராட்சி ஆதலால் நூறுநாள் வேலைத் திட்டம் அதன் எல்லைக்குள் இல்லை. சுற்றியுள்ள ஊராட்சிகளில் அத்திட்டம் முதிய பெண்களுக்குக் கூலியையும் கூட்டத்தையும் ஒருசேரத் தந்தது. ஊரக வீட்டுவசதித் திட்டங்களும் ஊராட்சிகளுக்கே உரியவை. ஒரே தெருவின் தொடர்ச்சியில் எல்லைக் கல்லுக்கு இப்பாலும் அப்பாலும் வாழும் முதியோர் வெவ்வேறு திட்டங்களின் கீழ் வருகின்றனர். சாலைகளோ விரைவை நோக்கியவை. மதுரை – திண்டுக்கல் நான்குவழிச் சாலையும், வாடிப்பட்டி – தாமரைப்பட்டி வெளிவட்டச் சாலையும் வண்டிகளின் நேரத்தைக் குறைத்தன. அவற்றைக் கடந்து வயலுக்கோ உறவினர் வீட்டுக்கோ செல்லும் முதியவரின் நடையை அவை நீட்டின. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்வது முதிய பெண்களை மதுரை மருத்துவமனைகளுக்கு அருகில் கொண்டுவந்தது. அவ்வுரிமை வயதால் வந்ததன்று. ஏற வேண்டிய உயர்ந்த படியும் அவர்தம் வயதை அறியாது.

முடிவுரை

1962 முதல் 2024 வரை முதியவர் அரசு ஆவணங்களில் ஆதரவற்றவராக, சத்துணவு உண்பவராக, மனுதாரராக, இல்லத்தில் தங்குபவராக இடம்பெற்றுள்ளார். ஒவ்வொன்றும் மெய்யான பயன் தந்தது. வீட்டையும் தெருவையும் வகுக்கும் வரைபடத்தில் குடியிருப்பவராக அவர் வந்தது அரிது. வாடிப்பட்டி போன்ற இடங்களுக்கு முதியோர் நகரம் ஒன்றைப் புதிதாகக் கட்ட வேண்டிய தேவை எழவில்லை. பொதுவாகக் கட்டப்படுபவற்றுள் வயதைச் சேர்ப்பதே தேவை.

அதற்குரிய இடம் நடப்புத் திட்டத்திலேயே உள்ளது. கலைஞரின் கனவு இல்லத்தின் 360 சதுர அடியில் 300 சதுர அடி காங்கிரீட் கூரைக்குரியது. எஞ்சிய 60 சதுர அடியைப் பயனாளி தம் விருப்பப்படி ஓடு முதலிய தீப்பிடிக்காத கூரையால் அமைத்துக்கொள்ளலாம். அப்பகுதியை அமரும் உயரத்தில் ஒரு திண்ணையாகவும், கைப்பிடியுள்ள இரு படிகளோடும் கட்டுவதற்கு மாதிரி வரைபடம் ஒன்றை வழங்கினால் போதும். சாலை போடுமுன் பழைய தளத்தைச் சுரண்டுவது, கழிப்பறைக்குக் கைப்பிடி சேர்ப்பது, சத்துணவு மையத்தில் முதியோருக்கு இருக்கை இடுவது, சாவடியைப் பெண்களுக்கும் எல்லாச் சாதியினருக்கும் உரிய இடமாக்குவது ஆகியவை பேரூராட்சி, ஊராட்சி நிலையிலேயே முடிவெடுக்கத் தக்கவை. பழைய திண்ணை சிலருக்கே உரியதாயிருந்தது. புதிய திண்ணை அரசுத் திட்டத்தின் வழி வருமாயின், தொகுப்பு வீட்டில் வாழும் முதியவருக்கும் அது முதன்முறையாகக் கிடைக்கும்.